பிளந்தால்தான் காயும்

நார்வே, ஜெர்மனி, கனடா போன்ற குளிர்நாடுகளில் ஹார்டுவேர் கடைக்குப் போனால், வீட்டு உபயோகத்துக்கான விறகு பிளக்கும் மெஷின்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். ஒரு மீட்டர் நீளம், ஏறத்தாழ 50 கிலோ எடை, தள்ளிக்கொண்டு போக இரண்டு சிறிய சக்கரம், சாதாரண வீட்டு மின்சாரத்தில் ஓடும் மோட்டார். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது டன் கணக்கு: 4 டன், 5 டன், 7 டன். வாங்குகிறவர் கேட்பதும் அதைத்தான், விற்கிறவர் சொல்வதும் அதைத்தான். எவ்வளவு தடித்த கட்டையைப் பிளக்கும், எத்தனை நொடியில் பிளக்கும், கோடாலியைவிட எவ்வளவு மேல் என்று பேச்சு வளரும். இந்த மெஷினின் மதிப்பை அந்தக் கணக்கில் தேடுவது வீண் என்று நான் நினைக்கிறேன். அது ஒரு குடும்பத்துக்குத் தரும் உண்மையான லாபம் நாட்காட்டியில் இருக்கிறது. வரப்போகும் குளிர்காலத்துக்கு வேண்டிய விறகை வசந்த காலத்திலேயே பிளந்து அடுக்கி முடிக்க உதவினால் போட்ட காசுக்குத் தகும். குளிர் தொடங்கிய பிறகு உருட்டுக்கட்டையை அவசர அவசரமாகப் பிளந்து அப்படியே அடுப்பில் திணிக்க உதவுமானால், எத்தனை டன் இருந்தாலும் அது புகையைப் பெருக்கும் கருவிதான்.

நார்வேயை வைத்தே இதைப் பேசலாம். அங்கே மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு நீர்மின் நிலையங்களிலிருந்து வருகிறது. பெரும்பாலான வீடுகள் மின்சாரத்தால்தான் சூடேற்றப்படுகின்றன. ஆனாலும் வரவேற்பறையில் ஒரு வார்ப்பிரும்பு விறகடுப்பு இருப்பது சர்வ சாதாரணம். கடுங்குளிரில் மின் கட்டணம் ஏறும்போது அது கைகொடுக்கிறது. புயலில் மின்கம்பி அறுந்தால் அது மட்டுமே கைகொடுக்கிறது. மின்தடை வந்தால் சமாளிக்க மாற்று வெப்ப வழி ஒன்று வைத்திருக்கும்படி அந்நாட்டுப் பேரிடர் தயார்நிலைத் துறையே குடும்பங்களுக்கு அறிவுரை சொல்கிறது. 2021, 2022ஆம் ஆண்டுகளில் தென் நார்வேயில் மின்விலை எகிறியபோது விறகுக்கான தேவையும் சேர்ந்தே எகிறியது. விறகு அங்கே வெறும் எரிபொருளாக மட்டும் இல்லை. லார்ஸ் மீட்டிங் என்ற எழுத்தாளர் மரம் வெட்டுவது, பிளப்பது, அடுக்குவது பற்றி 2011இல் எழுதிய நூல் நாட்டின் பெரும் விற்பனை நூல்களில் ஒன்றாயிற்று. 2013 பிப்ரவரியில் நார்வே அரசுத் தொலைக்காட்சி ஒரே இரவில் 12 மணி நேரம் விறகைப் பற்றியே நிகழ்ச்சி நடத்தியது. அதில் சில மணி நேரம் வெட்டுவதும் பிளப்பதும் அடுக்குவதும். மீதி நேரம் முழுக்க ஒரு கணப்பில் நெருப்பு எரிவது நேரலை. அடுக்கும்போது பட்டை மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா என்று பார்த்தவர்கள் சண்டையே போட்டார்கள்.

பச்சை மரத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நார்வேயில் அதிகம் எரிப்பது பிர்ச் மரம். கெட்டியான பிர்ச் கட்டை ஒரு கனமீட்டரில் உலர்ந்த மரப்பொருள் சுமார் 500 கிலோ. வெட்டிய அன்று அதோடு கிட்டத்தட்ட 400 கிலோ தண்ணீரும் சேர்ந்திருக்கும். எரிக்கத் தகுந்த விறகு என்றால் ஈரம் மரப்பொருளின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைய வேண்டும். அதாவது ஒவ்வொரு கனமீட்டரிலிருந்தும் ஏறக்குறைய 300 லிட்டர் தண்ணீர் காற்றில் கலந்து போயாக வேண்டும். அது எந்த வழியாகப் போகும்? மரம் என்பது வேரிலிருந்து உச்சிக்கு நீரேற்றும் நுண்குழல்களின் கட்டு. குழல் ஓடும் திசையில் ஈரம் நகரும் வேகம், குறுக்கே நகரும் வேகத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். அதனால் அறுத்த இரு முனைகளும் சீக்கிரம் காய்ந்து வெடிப்பு விடும். நடுக்கட்டையோ வெளியே போக வழியில்லாமல் தவிக்கும், சுற்றிலும் பட்டை. தண்ணீரை உள்ளே காப்பதற்காகவே மரம் வளர்த்துக்கொண்ட போர்வை அது. பிர்ச்சின் வெண்பட்டை இதில் மிகக் கெட்டி. எண்ணெய்ப் பசையுள்ள அந்தப் பட்டையில் வடநாட்டு மக்கள் காலங்காலமாகக் கூரைக்கே அடித்தளம் போட்டிருக்கிறார்கள். பிர்ச் கட்டையைப் பிளக்காமல் உருளையாகவே ஒரு கோடை முழுக்கப் போட்டு வைத்தால் அது காய்வதற்குப் பதிலாகப் பட்டைக்குள்ளேயே மக்கத் தொடங்கும். வெளியே பார்த்தால் முழுக்கட்டை, கோடாலி போட்டால் பொதபொதவென்று சோறு.

இனி ஒரு சின்னக் கணக்கு. 20 சென்டிமீட்டர் விட்டமும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஓர் உருட்டுக்கட்டையை எடுத்துக்கொள்வோம். நார்வே அடுப்புகளுக்கு 30 சென்டிமீட்டர்தான் வழக்கமான நீளம். பட்டை மூடாத பரப்பு இரு முனைகள் மட்டுமே: 628 சதுர சென்டிமீட்டர். அதையே நான்காகப் பிளந்தால், புதிதாகத் திறக்கும் முகங்கள் 2,400 சதுர சென்டிமீட்டர் சேர்த்துக் கொடுக்கும். மொத்தம் 3,028. காற்றுப் படும் பரப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்காகிறது. அதோடு, மரத்தின் நட்ட நடுவிலிருக்கும் ஈரம் பக்கவாட்டில் வெளியேற முன்பு 10 சென்டிமீட்டர் போக வேண்டியிருந்தது. பிளந்த பிறகு அதிகபட்சத் தூரம் நான்கு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஊடுருவி வெளியேறும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுவதால், தூரம் பாதிக்கும் கீழே குறைந்தால் நேரம் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். முனைகள், காற்று, வெயில், மரவகை எல்லாம் இந்த எண்ணைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும். திசை மட்டும் மாறாது. ஏப்ரலில் பிளந்து அடுக்கிய பிர்ச் செப்டம்பரில் எரிக்கத் தயார். பிளக்காத பிர்ச் அடுத்த ஆண்டும் தயாராகாது. எந்த அடுப்பு வாங்கினாலும், எந்தப் புகைபோக்கி வைத்தாலும், விறகின் தரத்தைத் தீர்மானிப்பது பிளந்த தேதிதான்.

மெஷின் வேலை செய்யும் விதமும் இதே பக்கம்தான் கைகாட்டுகிறது. உள்ளே மோட்டார் ஒரு சிறு பம்பைச் சுழற்றும். பம்பு எண்ணெயை உருளைக்குள் அழுத்தும். அழுத்தம் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் கட்டையைத் தள்ளிக்கொண்டு போய் எதிரே நிலையாக நிற்கும் இரும்பு ஆப்பில் மோதும். ஆறு சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் மேல் 200 பார் அழுத்தம் விழுந்தால் தள்ளும் விசை 5.7 டன்னைத் தாண்டும். வீட்டு பிளக்கில் செருகும் ஒன்றரைக் கிலோவாட் மோட்டாருக்கு இவ்வளவு விசை எங்கிருந்து வந்தது? வேகத்தை விலையாகக் கொடுத்து வாங்கியது. அந்த விசையில் பிஸ்டன் நொடிக்கு மூன்று சென்டிமீட்டர்கூட நகராது. ஒரு முறை போய்த் திரும்ப 15, 20 நொடி ஆகும். ஆகவே டன் கணக்கைப் பெரிதாகப் போடுவதில் பெரிய அதிசயம் ஒன்றும் கிடையாது. அதே மோட்டாரில் பிஸ்டனைத் தடிமனாக்கினால் டன் கூடும், வேகம் குறையும்.

அந்த டன்னும் முழுக்கத் தேவைப்படுவது முதல் சில நொடிகள்தான். கட்டையைத் தொட்டிலில் கிடத்தி இரண்டு பிடிகளையும் அழுத்தினால் ஆப்பின் விளிம்பு முனைக்குள் மெல்ல இறங்கும். மோட்டாரின் குரல் கனக்கும். பட்டை ஓரத்தில் ஒரு துளி சாறு கசியும். பிறகு ஒரே ஒரு ‘டக்’. ஆப்பு ஐந்தாறு சென்டிமீட்டர்தான் நுழைந்திருக்கும், வெடிப்போ அதை முந்திக்கொண்டு கட்டையின் பாதியைக் கடந்திருக்கும். நார் ஓடும் திசையில் மரத்தைப் பிணைத்து வைத்திருக்கும் பிடிப்பு மிகவும் பலவீனமானது. ஆப்பு இரு பக்கமும் விலக்கிப் பிடித்தாலே விரிசல் தானாக ஓடிவிடும். வழியில் ஒரு கணு இருந்தால் கதை வேறு. கிளையின் நார் அடிமரத்தின் நாருக்குக் குறுக்கே புகுந்து கிடக்கும். அங்கே ஆப்பு பிளக்க முடியாமல் வெட்டிக்கொண்டே போக வேண்டும், மோட்டார் முனகும், பிளந்த இரண்டு துண்டுகளும் நாரால் தொங்கிக்கொண்டிருக்கும். கணு உள்ள கட்டையைக் கணு குறைந்த முனை ஆப்பைப் பார்க்கும்படி வைப்பதும், நடுவை விட்டு ஓரத்தைச் சீவிச் சீவி எடுப்பதும் அனுபவசாலிகளின் வழக்கம். 5 டன்னுக்கும் 7 டன்னுக்கும் வித்தியாசம் தெரிவது இந்த மாதிரிக் கட்டைகளில் மட்டுமே. நேர்நாருள்ள பிர்ச்சுக்கு நாலு டன்னே அதிகம்.

அப்படியானால் கோடாலியே போதாதா என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. நேரான நாருள்ள பச்சைப் பிர்ச்சை, அதிலும் பனியில் உறைந்து கிடக்கும்போது, கைப்பழக்கம் உள்ள ஒருவர் கனத்த பிளப்புக் கோடாலியால் ஒரே போடில் இரண்டாக்குவார். மெஷினின் பிஸ்டன் அப்போது பாதி தூரம்கூட வந்திருக்காது. வேகப் போட்டி வைத்தால் நல்ல கட்டையில் கோடாலிதான் ஜெயிக்கும். உடற்பயிற்சி, செலவில்லை, சத்தமில்லை என்பதெல்லாமும் உண்மை. ஃபின்லாந்தில் ஹெய்க்கி கார்ணா என்பவர் வடிவமைத்த நெம்புகோல் கோடாலி, கட்டையில் விழுந்ததும் பக்கவாட்டில் திரும்பி வெடிப்பை அகட்டிவிடும். நியூசிலாந்தில் அய்லா ஹட்சின்சன் என்ற பள்ளி மாணவி, தாய் சிறாய் பிளக்கும்போது விரலை வெட்டிக்கொண்டதைப் பார்த்து, கத்தியை நிலையாக மேல்நோக்கி நிறுத்தி, கட்டையை அதன்மேல் வைத்துச் சுத்தியலால் அடிக்கும் ஓர் இரும்புச் சட்டத்தை உருவாக்கினார். இன்று அது பல நாடுகளில் விற்கிறது. மெஷின் இல்லாமலே நல்ல வழிகள் உண்டு என்பதற்கு இவை சாட்சி. மெஷினுக்காக வாதாடுகிறவர் இவற்றை மறைக்கக் கூடாது.

ஆனால் கோடாலியை ஒரு கட்டையில் வைத்துப் பார்ப்பது வேறு, ஒரு குளிர்காலத்தில் வைத்துப் பார்ப்பது வேறு. நார்வேயில் விறகை ‘ஃபாவ்ன்’ என்ற அளவில் பேசுவார்கள். அடுக்கிய நிலையில் 2.4 கனமீட்டர். இரண்டு ஃபாவ்ன் எரிக்கும் ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். அடுக்கில் உள்ள இடைவெளியைக் கழித்தால் கெட்டி மரம் மூன்று கனமீட்டருக்குச் சற்று மேல். மேலே சொன்ன அளவில் அது சுமார் 330 உருட்டுக்கட்டை. ஒவ்வொன்றையும் நான்காக்க மூன்று பிளப்பு. ஆக ஏறக்குறைய 1,000 பிளப்பு. கோடாலி என்றால் 1,000 தடவை மூன்று கிலோ இரும்பைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும், கணுக்களுக்குக் கூடுதலாக. முப்பது வயதுக்காரருக்கு அது சில வாரங்களின் இனிய மாலை வேலை. அறுபத்தைந்து வயதில், தோள் மூட்டில் வலியோடு, வேலைக்கும் போய்க்கொண்டு செய்ய வேண்டியவருக்கு அப்படி இல்லை. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போகும். ஏப்ரல் ஜூனாகும், ஜூன் ஆகஸ்டாகும், கட்டைகள் வேலியோரம் உருளையாகவே கிடக்கும். மெஷினில் 1,000 பிளப்புக்கு, ஒன்றுக்கு 20 நொடி வீதம், ஓட்டம் ஐந்தரை மணி நேரம். கட்டை எடுத்து வைக்கும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டு மூன்று விடுமுறை நாள். அந்த நாட்களில் வலுவானவர் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பொறுமையானவர் இருந்தால் போதும். தள்ளிப்போடுவதற்கான காரணத்தை மெஷின் எடுத்துவிடுகிறது. நான் காணும் பெரிய நன்மை இதுதான்.

மின்சாரம் செலவாகிறதே, விறகு எரிப்பதே மின்சாரத்தை மிச்சப்படுத்தத்தானே என்பது அடுத்த கேள்வி. ஒன்றரைக் கிலோவாட் மோட்டார் ஐந்தரை மணி நேரம் முழுப் பளுவில் ஓடினாலும் எட்டு யூனிட்டைத் தொட்டு நிற்கும். உண்மையில் முழுப் பளு சில நொடிகளே என்பதால் இன்னும் குறையும். மறுபக்கம் பாருங்கள். அந்த மூன்று கனமீட்டர்ச் சொச்சத்திலிருந்து காய்ந்து வெளியேற வேண்டிய தண்ணீர் 900 லிட்டருக்கும் மேல். காற்றும் வெயிலும் எடுத்துக்கொள்ளாத தண்ணீரை அடுப்பின் நெருப்புத்தான் ஆவியாக்க வேண்டும். ஒரு லிட்டரை ஆவியாக்க ஏறக்குறைய 0.7 யூனிட் வெப்பம் போகும். ஈரத்தோடு எரித்தால் 600 யூனிட்டுக்கும் மேலான வெப்பம் நீராவியாகப் புகைபோக்கி வழியே வானத்துக்குப் போகிறது என்று பொருள். எட்டு யூனிட் எங்கே, 600 யூனிட் எங்கே! இதில் இன்னொரு இழப்பைச் சேர்க்கவில்லை. ஈர விறகு எரியும்போது அடுப்பின் வெப்பநிலை உயராது. மரத்திலிருந்து வெளிவரும் வாயுக்கள் பற்றிக்கொள்ளாமல் புகையாகவே தப்பிவிடும். குளிர்ந்த புகைபோக்கிச் சுவரில் தாராகப் படியும். அந்தத் தார் ஒருநாள் தீப்பற்றினால் வீட்டையே கொண்டுபோகும்.

எட்டு யூனிட் கணக்கு ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது என்பதையும் மறக்கக் கூடாது: நேரத்தோடு பிளந்திருக்க வேண்டும். நவம்பரில் மெஷினை ஓட்டினால் அந்த 600 யூனிட்டில் ஒன்றுகூடத் திரும்பி வராது. பலர் மெஷினைக் கூட்டாக வாங்குவதும் வாடகைக்கு எடுப்பதும் இந்த இடத்தில்தான் சிக்கலாகிறது. ஆண்டுக்கு மூன்று நாள் ஓடும் பொருளை ஒவ்வொரு வீடும் தனித்தனியே வாங்கி வைப்பது வீண்செலவு. நான்கைந்து வீடுகள் சேர்ந்து வாங்குவதே நியாயம். நார்வேயில் அக்கம்பக்கத்தார் கூடி ஒரு வேலையை முடிக்கும் பழைய வழக்கம் இன்றும் உயிரோடிருக்கிறது. ஆனால் முறை வைத்துச் சுற்றும் மெஷின் கடைசி வீட்டுக்கு ஜூலையில் வந்து சேர்ந்தால் அந்த வீட்டுக்கு அந்த ஆண்டு விறகு காயாது. ஆகவே கூட்டாக வாங்குகிறவர்கள் விலையைப் பங்கிடுவதற்கு முன் தேதியைப் பங்கிட வேண்டும்.

ஆபத்து பற்றிய ஆட்சேபத்துக்கு நான் முழுச் செவி கொடுக்கிறேன். ஐந்து டன் விசைக்கு விரலுக்கும் கட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. கோடாலி தவறினால் நமக்கு உடனே தெரிந்துவிடும். மெஷின் மெதுவாக நகர்வதாலேயே இன்னும் நேரம் இருக்கிறது என்ற பொய்யான தைரியத்தைத் தரும். அதனால்தான் ஐரோப்பாவின் இஎன் 609 என்ற பாதுகாப்புத் தரம் இரு கைகளையும் கேட்கிறது: ஒரு கை மோட்டார் சுவிட்சில், மறு கை வால்வுப் பிடியில். எந்தக் கை எடுபட்டாலும் பிஸ்டன் முன்னேறாது. விபத்துகள் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டை மனிதர் முறியடிக்கும்போதுதான் நேருகின்றன. ஒரு பிடியைக் கயிற்றால் கட்டிப் போடுவார்கள். அல்லது ஒருவர் பிடியை அழுத்த, இன்னொருவர் கட்டையைப் பிடித்துக்கொள்வார். இரண்டாவது ஆளைச் சேர்ப்பது உதவி போலத் தோன்றும். அங்கேதான் விரல் போகிறது. ஓட்டுகிறவரே கட்டையையும் வைக்க வேண்டும், மற்றவர் பிளந்ததை எடுத்து அடுக்கட்டும், மெஷின் பக்கம் வர வேண்டாம். கட்டை சிக்கிக்கொண்டால் ஐந்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடிக்கக் கூடாது. எண்ணெய் சூடேறிப் பம்பு கெடும். பின்னுக்கு எடுத்து, கட்டையைப் புரட்டி வைத்துப் பார்க்க வேண்டும். முனையைக் கோணலாக அறுத்த கட்டை பிஸ்டனில் ஒட்டி உட்காராமல் துள்ளும். அதைத் தனியே ஒதுக்கிவிடுவது நல்லது. குனிந்து குனிந்து வேலை செய்யாமல் மெஷினை இடுப்பளவு மேசையில் ஏற்றுவதும், மோட்டாருக்கு நீளமான மெல்லிய ஒயரை இழுத்து மின்னழுத்தத்தைக் குறைத்துவிடாமல் இருப்பதும், ஓட்டும் முன் எண்ணெய்த் தொட்டியின் காற்றுத் திருகைச் சில சுற்று தளர்த்துவதும் கையேட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். அந்தத் திருகை மறந்து ஓட்டினால் உள்ளே அடைபட்ட காற்று இறுகிச் சீல்களைக் கெடுத்துவிடும்.

பிளந்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. அடுக்கு தரையைத் தொடக்கூடாது. அடியில் இரண்டு கட்டையோ மரப்பலகையோ போட வேண்டும். மேலே மட்டும் மறைப்பு. பக்கவாட்டில் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டினால் வெளியேறும் ஈரம் உள்ளேயே வேர்த்து நிற்கும். காய்ந்ததா என்று பார்க்க மலிவான ஈரமானி கிடைக்கிறது. அதன் ஊசியை வெளிமுகத்தில் குத்தினால் பொய் சொல்லும். ஒரு துண்டை மறுபடி பிளந்து புதிதாகத் திறந்த நடுமுகத்தில் குத்த வேண்டும். கருவி இல்லாவிட்டால் இரண்டு துண்டைத் தட்டிப் பார்க்கலாம். காய்ந்தது ‘டிங்’ என்று கேட்கும், ஈரமானது ‘தொம்’ என்று கேட்கும். இங்கிலாந்து இந்த விஷயத்தைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது: 2021 மே முதல் இரண்டு கனமீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் இனித்தான். விறகு எரிப்பதே கெடுதல் என்கிறபோது அதற்கு மெஷின் வேறா? நார்வேயில் நுண்துகள் மாசின் முதன்மையான ஊற்றுகளில் வீட்டு விறகடுப்பும் ஒன்று. 1998இலிருந்து புதிய அடுப்புகளுக்குப் புகை வரம்பு விதிக்கப்பட்டது. அதற்கு முந்தைய பழைய அடுப்புகளை பெர்கன் நகரம் 2021இல் தடையே செய்தது. காய்ந்த விறகு துகளைப் பெரிதும் குறைக்கும், ஒழிக்காது. நெருக்கமான நகரத்தில், வேறு வெப்ப வழி இருக்கும் வீட்டில், அழகுக்காக விறகு எரிப்பதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அந்த வீட்டுக்கு மெஷினும் வேண்டாம், கோடாலியும் வேண்டாம். ஆனால் மின்கம்பி அடிக்கடி அறும் மலைக்கிராமத்தில், தன் தோட்டத்தில் விழுந்த மரத்தை எரிக்கும் குடும்பம் எரிக்கத்தான் போகிறது. அங்கே எரிக்கலாமா என்ற வாதத்தைவிட எதை எரிக்கிறார்கள் என்ற கேள்விக்குத்தான் பயன் அதிகம். ஈர விறகின் புகை முதலில் போய்ச் சேருவது அவர்கள் வீட்டுக் குழந்தையின் மூச்சுக்குள். அடுத்தது பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள். எட்டு யூனிட் மின்சாரத்தில் அந்தப் புகையைப் பாதியாவது தவிர்க்க முடியும் என்றால் அதைச் செய்யாமலிருக்க நல்ல காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

தமிழ்நாட்டு வீட்டுக்கு இந்த மெஷின் வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். நம் விறகில் பெரும்பகுதி சவுக்குக் கழி, சீமைக்கருவேலக் கட்டை, தென்னை மட்டை, சுள்ளி. பிளக்க வேண்டிய தடிமனே அவற்றுக்குக் கிடையாது. கேஸ் வந்த பிறகும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விசேஷச் சமையலுக்கும் கிராமங்களில் விறகு தொடர்கிறது. தடித்த புளி, வேம்பு, மா, அதிலும் தூர்க்கட்டை வந்து சேரும்போதுதான் பிளப்பு என்ற பேச்சே எழும். புளியின் நார் முறுக்கிப் பின்னிக் கிடக்கும். வீட்டு மெஷின் அதில் திணறும். இரண்டு இரும்பு ஆப்பும் ஒரு சம்மட்டியும், வெடிப்பு கண்ட இடத்தில் ஒன்றை அடித்து அதன் முன்னால் மற்றதை அடித்து நகர்வதும்தான் அதற்கு ஏற்ற வழி. மெஷின் இங்கே வராவிட்டாலும் அதன் பின்னாலிருக்கும் கணக்கு அப்படியே வரும். வீட்டுக்குள் எரியும் எரிபொருளின் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. நம் சமையற்கட்டுகளில் அந்தப் புகைக்கு முன் உட்கார்ந்திருப்பவர்கள் பெண்கள். கட்டையை முழுதாகப் போட்டு வைத்து, அடைமழையில் ஈரமாகவே எடுத்து, ஊதுகுழலோடு அவர்களைப் போராட விடுவதற்குப் பதில், சித்திரை வைகாசி வெயிலிலேயே ஆள் விட்டுப் பிளந்து, கையகலத் துண்டாக்கி, தரையில் படாமல் அடுக்கி, ஐப்பசி மழைக்கு முன் கூரைக்கடியில் சேர்த்துவிட வேண்டும். விறகுக் கடையில் வாங்குகிறவர்கள் எடை போடும் முன் ஒரு துண்டைப் பிளக்கச் சொல்லி நடுவைத் தொட்டுப் பார்க்கலாம். ஈரக் கட்டையை எடைக்கு வாங்கினால், தண்ணீருக்கும் விறகு விலையே கொடுக்கிறோம்.